மாவுப்பூச்சியும் கட்டிய சுவடியும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் வாழும் உழவர்க்கு மாவுப்பூச்சி பழகிய பகையாகும். கரிசல் நிலத்துப் பருத்தியிலும், வீட்டுக் கொல்லையிலுள்ள செம்பருத்தியிலும், பப்பாளி மரத்திலும் வெண்மாவைத் தூவினாற்போல் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுவது இதுவே. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, விரைவில் தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் பரவிப் பப்பாளித் தோட்டங்களையும் மல்பெரித் தோட்டங்களையும் பாழாக்கியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கொணரப்பட்ட சிறு குளவிகளே அதனை அடக்கின.

உழவர்க்குப் பகையான இப்பூச்சி இனம், அறிவியலார்க்கு ஆசானாக விளங்கிற்று. அது கற்பித்த பாடம் யாது?

ஓர் உயிரின் உடலிலுள்ள உயிரணுக்கள் அனைத்தும் ஒரே கருவிலிருந்து பிறந்தவை. ஆதலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் மரபணுக்கள் ஒன்றே. ஆயினும் கண்ணின் அணு ஒளியை உணர்கின்றது. கல்லீரலின் அணு பித்தநீரைச் சுரக்கின்றது. ஒரே மரபைப் பெற்றவை வெவ்வேறு தொழில் புரிவது எங்ஙனம்?

மரபணுக்கள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளன. மனித உயிரணு ஒன்றிலுள்ள இழைகளை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். அதனை அடக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே உடையது. இத்துணை நீண்ட இழை, ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின்மீது நூல்போலச் சுற்றப்பட்டுள்ளது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருண்டையை இழை ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்றுச் சுற்றுகின்றது. இவ்வமைப்பை 1974இல் ரோஜர் கோர்ன்பெர்க் விளக்கினார். இழையும் புரதமும் சேர்ந்த இப்பொருளுக்குக் குரோமாட்டின் என்று பெயர்.

ஓலைச்சுவடி ஒன்றைக் கயிற்றால் இறுகக் கட்டிவைத்தால் அதிலுள்ள எழுத்து அழிவதில்லை. ஆனால் எவரும் அதனைப் படித்தல் இயலாது. கட்டை அவிழ்த்து ஏட்டை விரித்தால் படிக்கலாம். குரோமாட்டினும் இத்தகையதே. இறுகிய பகுதியிலுள்ள மரபணுக்கள் உறங்குகின்றன. தளர்ந்த பகுதியிலுள்ளவை தொழில் செய்கின்றன. இழை எதிர் மின்னூட்டமும் ஹிஸ்டோன் நேர் மின்னூட்டமும் உடையன. ஆதலின் அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்னும் சிறு தொகுதி இணையுமாயின் நேர் மின்னூட்டம் குறைகின்றது, கட்டுத் தளர்கின்றது. இத்தொகுதிக்கும் மரபணுவின் செயலுக்கும் தொடர்பு உண்டு என்பதை 1964இல் வின்சென்ட் ஆல்ஃப்ரே எடுத்துரைத்தார்.

இனி மாவுப்பூச்சியைக் காண்போம். எலுமிச்சை மாவுப்பூச்சியின் கரு, தாயிடமிருந்து ஐந்தும் தந்தையிடமிருந்து ஐந்துமாகப் பத்துக் குரோமோசோம்களைப் பெறுகின்றது. பெண் கருவில் இரு தொகுதிகளும் விரிந்தே இருக்கும். ஆண் கருவிலோ, உயிரணு சில முறை பிளவுற்றபின், தந்தை வழி வந்த ஐந்தும் இறுகித் திரண்டு செயலற்றுப் போகின்றன.

இதனைத் தெளிவுறுத்த, 1961இல் அமெரிக்க நாட்டில் ஸ்பென்சர் பிரௌன், நெல்சன்-ரீஸ் என்னும் இருவரும் தந்தைப் பூச்சிகளை எக்ஸ் கதிர்களுக்கு உட்படுத்திய ஆய்வை வெளியிட்டனர். கதிரின் அளவு மிகுந்தபோது மகள்கள் மாண்டனர். மகன்களோ பெரும்பாலும் பிழைத்தனர். தந்தையின் ஏடு சிதைந்திருந்தும், மகன்களின் உடலில் அது கட்டுண்டு கிடந்தமையால் அதன் பிழை அவர்களைத் தாக்கவில்லை.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. ஆண் பூச்சி தன் மக்களுக்கு வழங்குவது, தன் தாயிடம் பெற்ற தொகுதியையே. அத்தொகுதி அவன் உடலில் விரிந்திருந்தது. அவன் மகனிடம் சென்றதும் மூடிக்கொள்கின்றது. எழுத்து மாறவில்லை, யார் வழியாக வந்தது என்னும் அடையாளமே மாறிற்று. இத்தகைய அடையாளத்தைப் பற்றி, பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் சரத் சந்திராவும் பிரௌனும் 1975இல் கட்டுரை எழுதினர்.

மனிதரிடத்தும் இம்முறை உண்டு. பெண்களின் உயிரணுவில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று பெரும்பாலும் மூடியே இருக்கும். உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகாமல் தடுக்கும் மரபணுக்கள் தவறாக மூடிக்கொள்வது சில புற்றுநோய்களுக்குத் துணையாகின்றது. ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைல் நீங்காமல் காக்கும் மருந்து ஒன்று, தோலில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்காக 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அழிந்த எழுத்தை மீட்டல் அரிது. கட்டிய சுவடியையோ அவிழ்க்கலாம். நோயுற்றோர்க்கு இவ்வறிவு தரும் நம்பிக்கை சிறிதன்று.