மங்கு தொங்கும் செடியும் ஒட்டுக் கட்டிய கையும்

இந்த வாரம் சம்பள விவகாரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு செடியைப் பற்றிப் பேசுவோம். "பொழுது விடிஞ்சா செடி கொடியோடதானே கிடக்கிறோம், இதுல பேச என்ன இருக்கு?" என்று யாராவது முணுமுணுக்கலாம். கிடக்கிறோம் என்பதால்தான் பேசுகிறோம்.

மலாய்க்காரர்கள் இதைப் பெரியோக் கெரா என்பார்கள். குரங்குப் பானை என்று அர்த்தம். தமிழில் குடுவைச் செடி. காட்டோரம் விறகு பொறுக்கப் போன நம் ஜனங்களில் பலர் பார்த்திருப்பார்கள். இலையின் நுனியிலிருந்து கம்பி போல் ஒன்று நீண்டு, அதன் முனையில் மூடி போட்ட குடுவை தொங்கும். நம்ம பால் மரத்தில் கட்டுகிற மங்கு மாதிரிதான் இருக்கும். பூ என்று நினைப்பவர்கள் உண்டு. பூவல்ல, இலையே அப்படி மாறி நிற்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீரும் மழைத் தண்ணீர் அல்ல. மூடி திறப்பதற்கு முன்பே செடி தானாகச் சுரந்து வைத்துக்கொள்கிற நீர் அது. எறும்பும் ஈயும் விளிம்பில் வழுக்கி விழுந்தால் அதில் கரைந்து செடிக்கு உரமாகிவிடும்.

சிங்கப்பூர் மண்ணில் இயற்கையாக வளர்வது மூன்று இனம். கிராசிலிஸ் என்பது ஒல்லியாக ஓடும் கொடி. அதன் மூடிக்கு அடியில் ஒதுங்கித் தேன் குடிக்கும் எறும்பை, மேலே விழுகிற மழைத்துளியே அதிர வைத்துக் குடுவைக்குள் தள்ளிவிடும். மழை பெய்தால் நமக்கு வேலை கெடும். அந்தச் செடிக்கு அப்போதுதான் வேலை! ஆம்புல்லாரியா குட்டையாக, தடித்த குடுவைகளைத் தரையோடு தரையாகக் குவியலாக விடும். அதன் மூடி பின்பக்கம் மடங்கிக் கிடப்பதால் மரத்திலிருந்து உதிர்கிற சருகு உள்ளே விழும். பூச்சியோடு சருகையும் தின்று பிழைக்கிற இனம், பாதி சைவம் என்று சொல்லலாம். மூன்றாவது ராஃப்லிசியானா, பெரிய குடுவை. 1819ல் வில்லியம் ஜேக் என்ற வைத்தியர் சிங்கப்பூர்க் காட்டில் இதைப் பார்த்து, தம் எஜமானர் ராஃபிள்ஸ் துரையின் பேரைச் சூட்டினார்.

கெண்ட் ரிட்ஜ் மேட்டுக்குப் போனால் இவற்றில் சிலவற்றை இன்றும் காணலாம். அங்கே ஏன் வளர்கிறது என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கமெல்லாம் கம்பீர் தோட்டம். மண்ணின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டு முதலாளிகள் வேறு நிலம் தேடிப் போய்விட்டார்கள். சக்கையாகிப் போன அந்த மண்ணில் வேறு செடிகள் திணறின. குடுவைச் செடிக்கு அந்தக் கவலை இல்லை. மண் கொடுக்காததைக் காற்றில் பறக்கிற பூச்சியிடம் வாங்கிக்கொண்டது.

இனி கலப்புக்கு வருவோம். ஆம்புல்லாரியாவும் ராஃப்லிசியானாவும் கலந்தால் ஹூக்கரியானா. ஆம்புல்லாரியாவும் கிராசிலிசும் கலந்தால் டிரைக்கோகார்ப்பா. இரண்டும் காட்டிலே தானாக உண்டானவை. ஹூக்கரியானாவை ஒரு காலத்தில் தனி இனம் என்றே எழுதி வைத்தார்கள்.

கலப்பு என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. நாம் உளி போட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரம் எங்கிருந்து வந்தது? ஜிர் 1 என்ற மரத்தையும் பி.பி. 86 என்ற மரத்தையும் கலந்து வந்தது. கலந்த விதையில் முளைத்த கன்றுகளில் நல்லதைப் பொறுக்கி, அதன் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டித்தான் ஒரே மாதிரி ஆயிரமாயிரம் மரம் ஆக்கினார்கள். விதைக்கன்று ஒன்று போல் ஒன்று இராது. ஒட்டுக்கன்று தாயை உரித்து வைக்கும். குடுவைச் செடிக்கும் இதுவேதான் கணக்கு, ஒட்டுக்குப் பதில் தண்டை வெட்டிப் பதியன் போடுவார்கள்.

ஜொகூர் தோட்டமொன்றில் நர்சரி வேலை பார்த்த ஓர் அம்மா இப்போது சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அடுக்குமாடி நடைபாதையில் அவர் வைத்திருக்கும் தொட்டிகளை நாம் பார்த்தோம். இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும், அதுதான் சங்கடம். அம்மாவிடம் பெண் ஆம்புல்லாரியா பூத்தது. பக்கத்து புளோக்கில் ஒரு சீனப் பையனிடம் ஆண் ராஃப்லிசியானாவின் மகரந்தம் ஐஸ்பெட்டியில் இருந்தது. அதை வாங்கி வந்து தூரிகையால் தடவினார். காய் முற்றி வெடித்தபோது, தலைமுடி போல் மெல்லிய விதை. முளைத்தவற்றில் தேறியது 11 கன்று. மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"ஒரே காயில வந்த புள்ளைங்கதான் தம்பி. ஆனா பாருங்க, இது தாயைக் கொண்டு தரையில கொத்துக் கொத்தா மங்கு விடுது. இது அப்பனைக் கொண்டு நெடுநெடுன்னு ஏறுது. இது ரெண்டுங்கெட்டான்."

அந்த ரெண்டுங்கெட்டானில் ஒரு அதிசயம். ஓர் இலையின் கம்பி நடுவில் பிளந்து, ஒரே இலையில் இரட்டைக் குடுவை! பார்க்க வந்தவர்கள் புது ரகம் என்றார்கள், விலையும் பேசினார்கள். அம்மா கொடுக்கவில்லை. "அடுத்த இலை வரட்டும்" என்றார். அடுத்த இலையில் ஒற்றைக் குடுவைதான் வந்தது. இரட்டை வாழைப்பழம் ஒன்று கிடைத்தால் தார் முழுவதும் இரட்டையாகுமா? ஒரு நாள் விபத்து வேறு, வம்சக் குணம் வேறு. மூன்று நான்கு இலை ஒரே மாதிரி வந்து, பதியன் போட்ட கன்றிலும் அது வந்தால்தான் நம்பலாம். இதை அந்த அம்மா புத்தகத்தில் படிக்கவில்லை. பல வருஷம் ஒட்டுக் கட்டிய கை சொன்னது. இந்த அறிவுக்குச் சம்பளச் சீட்டில் என்றைக்காவது ஒரு வரி இருந்ததா?

பேர் யாருக்குப் போகிறது என்பது பழைய வழக்கு. சிங்கப்பூரின் தேசியப் பூ வாண்டா மிஸ் ஜோக்கிம், அதுவும் கலப்புச் செடிதான். 1893ல் அதை உலகத்துக்கு அறிவித்த ரிட்லி துரை, ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி இரண்டு ஆர்க்கிட்டைக் கலந்து உண்டாக்கினார் என்றே எழுதினார். ஆனாலும் பின்னால் வந்தவர்கள், அவர் தோட்டத்தில் தற்செயலாகக் கண்டெடுத்தார் என்று மாற்றிச் சொன்னார்கள். அவர் உண்டாக்கியதுதான் என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள 2016 ஆகிவிட்டது. இங்கிலாந்தில் மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1860களில் வீச் நர்சரியில் கைக்கலப்பில் வந்த முதல் குடுவைச் செடிக்கு, அங்கே வேலை பார்த்த ஜான் டொமினியின் பேரையே வைத்து டொமினியை என்றார்கள். முதலாளி பேரை வைக்கவில்லை!

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தை. உரம் போடாதீர்கள். சத்து மிகுந்தால் இலை தழைக்கும், குடுவை வராது. வெளிச்சமும் காற்றில் ஈரமும் குறைந்தாலும் இதே கதிதான். தேங்காய் நாரும் பாசியும் கலந்த மண் போதும், மழைத் தண்ணீர் விசேஷம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தினமும் கொட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சிங்கப்பூரில் அபராதம் உறுதி.

தேக்காவுக்குத் தீபாவளிச் சாமான் வாங்கப் போகிறவர்கள், அங்கே பூக்கடையில் இதைத் தேட வேண்டாம், அங்கே மல்லிகையும் துளசியும்தான். நர்சரிகளில் கேளுங்கள். வென்ட்ராட்டா என்ற கலப்பு ரகம் சுலபமாக வளரும். கெண்ட் ரிட்ஜிலோ வேறு பூங்காவிலோ கை வைத்துவிடாதீர்கள், பிடுங்குவது குற்றம். குடுவைச் செடி இனங்கள் எல்லாமே சைட்டஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. அதனால் எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும். ஜொகூர்ப் பாலத்தில் பையைத் திறந்து காட்டும்போது, "எங்க தோட்டத்துக் காட்டில் முளைச்சது ஐயா" என்றால் விடமாட்டார்கள்.