புதுசை 'பழசு' ஆக்குவது எப்படி? டீ டிகாஷன், மெழுகுவர்த்தி, வினிகர் போதும்... ஆனா, இந்தப் பொருட்கள்ல மட்டும் கை வைக்காதீங்க!

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மங்கிய பித்தளைக் குடம், பெயின்ட் உரிந்த மரப்பெட்டி, பழுப்பேறிய படங்கள் என எல்லாமே அழகுதான். விலையைக் கேட்டால்தான் தயக்கம் வரும்.

அதே தோற்றத்தை வீட்டில் இருக்கும் சாதாரண பொருளுக்கே கொடுக்க முடியுமா? முடியும். எப்படின்னு பார்க்கலாம்.

பழைய தோற்றம் எதனால் வருகிறது?

ஒரு பொருள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கைபடும் இடம், மூலைகள், விளிம்புகள்தான் முதலில் தேயும். மடிப்புகளிலும் இடுக்குகளிலும் அழுக்கு தங்கும். இதை மனசுல வச்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. பொருள் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது பழசாகத் தெரியாது, கெட்டுப்போனதாகத்தான் தெரியும்.

காகிதத்துக்கு டீ டிகாஷன்

பால் சேர்க்காத ஸ்ட்ராங் டிகாஷனை நன்றாக ஆறவிட்டு, காகிதத்தை ஒரு தட்டில் வைத்து ஊற்றுங்கள். சில நிமிடங்கள் கழித்து எடுத்து நிழலில் காயவையுங்கள். பழுப்பு நிறம் ஏறிவிடும். இங்க்ஜெட் பிரின்ட் என்றால் மை கலையும். அதனால் முதலில் சாயம் ஏற்றி, காய்ந்த பிறகு பிரின்ட் எடுப்பது நல்லது.

மரச்சாமானுக்கு மெழுகுவர்த்தி

ஸ்டூல், போட்டோ ஃபிரேம் போன்றவற்றுக்கு இது சுலபமான வழி. முதலில் அடர் நிற பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். விளிம்புகளில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மேலே வெளிர் நிற பெயின்ட் அடியுங்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால், மெழுகு இருக்கும் இடத்தில் மேல் பெயின்ட் உரிந்து அடி நிறம் தெரியும்.

வெடிப்பு விழுந்த மாதிரி வேண்டுமா? அடர் நிறத்தின் மேல் வெள்ளை ஃபெவிகால் பூசுங்கள். அது முழுசா காயும் முன்பே, தொட்டால் ஒட்டுகிற பதத்தில், அக்ரிலிக் பெயின்ட்டை ஒரே இழுப்பில் அடியுங்கள். காயக் காய விரிசல் விழும். அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப பிரஷ் போட்டால் விரிசல் வராது.

பேக்கிங் மரத்துக்கு வினிகர்

துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் 2, 3 நாட்கள் ஊறவையுங்கள். அந்த நேரத்தில் வாயு வெளிவரும் என்பதால் பாட்டிலை இறுக்கி மூடக் கூடாது. மரத்தில் முதலில் டீ டிகாஷன் பூசிக் காயவிட்டு, பிறகு இந்த வினிகரைப் பூசினால் மரம் கொஞ்ச நேரத்திலேயே சாம்பல், கருப்பு நிறத்துக்கு மாறும். வினிகரில் கரைந்த இரும்பு, டீயில் இருக்கும் டானினுடன் சேர்வதுதான் காரணம். தேக்கில் இயற்கையாகவே டானின் உண்டு. பேக்கிங் பெட்டிகளுக்குப் பயன்படும் பைன் மரத்தில் அது குறைவு. அதனால்தான் முதலில் டீ.

பித்தளைக்கு என்ன வழி?

வினிகரில் உப்பு கலந்து, அதில் நனைத்த டிஷ்யூ பேப்பரைப் பொருளின் மேல் சுற்றி, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு நாள் வைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். கடையில் வாங்கிய புதிய பொருளில் மேலே லாக்கர் பூச்சு இருந்தால், அதை அகற்றிய பிறகே இது வேலை செய்யும்.

இந்தக் களிம்பு விஷத்தன்மை உள்ளது. அலங்காரப் பொருளுக்கு மட்டும்தான் இந்த முறை. சமைக்கும், சாப்பிடும், தண்ணீர் வைக்கும் பாத்திரங்களில் வேண்டவே வேண்டாம்.

எதில் கை வைக்கக் கூடாது?

பழைய பெயின்ட் உள்ள சாமான்: வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. பழைய தொட்டில், பழைய கதவு என்றால் தேய்க்காமல் விட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே பழைய பொருள்: பாட்டி காலத்து மரப்பெட்டிக்கு பெயின்ட் அடிப்பதும், பழைய விளக்கை ஆசிட் போட்டுப் பளபளப்பாக்குவதும் நஷ்டம்தான். காலம் கொடுத்த அந்த நிறம்தான் அதன் மதிப்பு. ஒருமுறை போனால் திரும்ப வராது. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருட்கள் தொல்பொருளாகக் கருதப்படும். தனிநபர்கள் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க...

நீங்கள் வீட்டில் செய்யும் இதே வேலையைச் செய்து, 'நூறு வருஷத்துப் பொருள்' என்று விற்பவர்களும் உண்டு. விளிம்பும் நடுப்பகுதியும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். திருப்பிப் போட்டு ஸ்க்ரூவைப் பாருங்கள். ஸ்டார் ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். 150 வருஷப் பெட்டியில் அது இருந்தால், ஒன்று பிறகு ரிப்பேர் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியே புதுசு.

முதல் முயற்சிக்கு வீட்டில் கிடக்கும் ஒரு பழைய போட்டோ ஃபிரேம் போதும். சரியாக வரவில்லை என்றாலும் பெரிய நஷ்டம் இல்லை. அதில் கை பழகிய பிறகு பெரிய சாமானுக்குப் போகலாம்.