நொண்டுவதற்கு முன்னே

மும்பை மகாலட்சுமி மைதானத்துப் பந்தயங்கள் கோடையோடு ஓய்ந்து, சஹ்யாத்ரி மலைத்தொடரில் மழை இறங்கத் தொடங்கியதும், லாரிகளில் ஏற்றப்பட்ட குதிரைகள் மலைப்பாதை ஏறிப் புனே நகரத்துக்கு வந்து சேர்கின்றன. இரு நகரங்களின் பந்தயங்களையும் ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ப் கிளப் நடத்துகிறது. புனே கன்டோன்மென்ட் பகுதியில் 1830ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் மைதானத்தில் ஜூலை மாதம் பருவம் தொடங்கி மழைக்காலம் முழுவதும் நீடிக்கிறது.

குதிரைக்கும் இந்த நகரத்துக்கும் உள்ள சம்பந்தம் பந்தயத்தோடு முடிவதில்லை. பீமா நதிக்கரையின் பெயரைத் தாங்கிய பீம்தடிக் குதிரைகள் மராட்டியப் படைகளைச் சுமந்து இந்த மண்ணிலிருந்துதான் வடக்கும் தெற்கும் போயின. பூனாவாலா குடும்பத்தார் 1946ஆம் ஆண்டில் இங்கே குதிரைப் பண்ணை அமைத்தார்கள். அந்தப் பண்ணையில் வயது முதிர்ந்த குதிரைகளை விஷமுறிவுச் சீரம் தயாரிப்பதற்காக மும்பை ஹாஃப்கின் நிலையத்துக்குக் கொடுத்துவந்த வழக்கத்திலிருந்து பிறந்த யோசனையே 1966இல் சீரம் இன்ஸ்டிடியூட் என்ற ஸ்தாபனமாக உருவெடுத்து, இன்று உலகத்துக் குழந்தைகளில் பெரும்பகுதியினருக்குத் தடுப்பூசி அனுப்புகிறது. குதிரையின் உதிரத்துக்கே கடன்பட்டிருக்கும் இப்படிப்பட்ட நகரத்தில், குதிரையின் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தறியும் வித்தை எந்த அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும் என்பதைச் சிந்திப்பது நியாயமே.

முதலில் குதிரைக் காலின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முன்னங்காலில் முழங்கால் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மூட்டு, உடற்கூற்று முறையில் மனிதனின் மணிக்கட்டுக்குச் சமமானது. அதற்குக் கீழே தசை என்பதே இல்லை. எலும்பும் தசைநாண்களும் தோலும் மட்டுமே உண்டு. 450, 500 கிலோ எடையுள்ள பிராணி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒவ்வொரு தாவலிலும் ஒரு கணம் ஒரே முன்னங்கால், ஒரே குளம்பு, அந்த முழு உடம்பையும், அதன் எடைக்கு இரு மடங்குக்கும் மேற்பட்ட விசையையும் தாங்குகிறது. இவ்விதம் தாங்கும் எலும்பு முறிந்துவிட்டால், மனிதனைப் போல மாதக்கணக்கில் படுக்க வைத்து ஆற்றிவிடவும் இயலாது. 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்னும் குதிரை, இரண்டே வாரத்தில் அடுத்த பெரும் பந்தயத்தில் பின்னங்காலை முறித்துக்கொண்டது. தேர்ந்த சத்திர சிகிச்சை கிடைத்தும், எடை முழுவதையும் தாங்க நேர்ந்த மற்றக் காலின் குளம்பில் லாமினைட்டிஸ் என்னும் அழற்சி கண்டு, 2007 ஜனவரியில் அது முடிவெய்தியது. முறிந்த பிறகு பார்ப்பதில் பெரும்பாலும் பயன் இல்லை என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

முறிவதற்கு முன்பே உள்ளே பார்க்கும் வழியைத் திறந்தவர் விஞ்ஞானி ராண்ட்கன்; 1895 நவம்பரில் அவர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டிலேயே ஐரோப்பாவில் சில கால்நடை வைத்தியர்கள் குதிரைக் குளம்பின் எலும்பைப் படம் பிடித்துவிட்டார்கள். அதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அசுவ வைத்தியம் முழுவதும் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய லட்சணங்களை நம்பியே நடந்தது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் படங்களுடன் அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. மராட்டிய மன்னர்கள் பேணிய அந்த நூலகத்தில் குதிரை நூல் ஒன்று பத்திரமாக இருந்தது நம்மவர்களின் சிரத்தையைக் காட்டுகிறது. அந்தப் பழைய கண்ணையும் கையையும் புதிய கருவிகள் தள்ளிவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. எந்தக் காலில், எந்த மூட்டில் படம் எடுப்பது என்று நிர்ணயிப்பது இன்றைக்கும் கைதான். காலையில் கடிவாளம் பூட்டும்போதே ‘இன்றைக்கு இது முன்னங்காலைச் சற்றே இழுக்கிறது’ என்று சொல்லக்கூடிய, குதிரையைப் பராமரிக்கும் சைஸின் வாக்குக்கு மருத்துவர் கொடுக்கும் மதிப்பு மிகப் பெரிது.

குளம்பின் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். மனிதரைப் போலக் குதிரை கருவியிடம் போவதில்லை. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவி லாயத்துக்கு வருகிறது. மயக்க மருந்து ஊசியாகச் சென்ற சில நிமிஷங்களில் குதிரையின் தலை தானாகவே தாழ்ந்து, கீழுதடு தொங்குகிறது. லாடத்தைக் கழற்றி, குளம்பின் அடியில் ஒட்டிய மண்ணையும் சாணத்தையும் சுரண்டியெடுத்து, நடுவே உள்ள பள்ளங்களில் மிருதுவான களி போன்ற பொருளை அடைத்துவிடுகிறார்கள். அடைக்காவிட்டால் அங்கே தங்கும் காற்றின் நிழல் எலும்பில் விழுந்த விரிசலைப் போலவே படத்தில் தோன்றி மருத்துவரை ஏமாற்றிவிடும். பிறகு அந்தப் பாதத்தை மரக்கட்டை ஒன்றின் மேல் தூக்கி வைக்கிறார்கள். ஈயக் கவசம் அணிந்த ஒருவர் நீண்ட கைப்பிடியில் பொருத்திய தகட்டைக் காலின் மறுபுறம் பிடித்துக்கொள்ள, சைஸ் தலையருகே நின்று மெல்லப் பேசிக்கொண்டிருக்க, மருத்துவர் கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்துகிறார். ஒரு மூட்டுக்கு ஒரு படம் போதாது. முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரு சாய்கோணங்களிலும் ஒவ்வொன்று எனக் குறைந்தது நான்கு கோணங்களாவது வேண்டும். ஒரு கோணத்தில் முழு வட்டமாகத் தோன்றும் எலும்பின் விளிம்பில், மற்றொரு கோணத்தில் சிறு சில்லு பெயர்ந்து கிடப்பது தெரியும். முன்பெல்லாம் இருட்டறையில் பிலிம் கழுவிக் காத்திருந்தார்கள். இப்போது சில விநாடிகளில் படம் திரையில் வந்துவிடுவதால், கோணம் தவறியிருந்தால் மயக்கம் தெளியுமுன் மறுபடியும் எடுத்துவிட முடிகிறது.

ஆயினும் எக்ஸ்ரேக்கு ஓர் எல்லை உண்டு; இந்த விஷயத்தின் உயிர்நிலையே அந்த எல்லையில்தான் இருக்கிறது. மைதானத்தில் திடீரென்று முறிந்ததாக நாம் காணும் எலும்பு பெரும்பாலும் திடீரென்று முறிவதில்லை. வேகப் பயிற்சியினால் எலும்பினுள் நுண்ணிய பிளவுகள் ஏற்படுகின்றன. உடம்பு தன் இயல்பான முறையில் அந்தப் பழைய எலும்பைக் கரைத்துவிட்டுப் புதிய எலும்பைக் கட்டுகிறது. பழைய சுவரை இடித்தாயிற்று, புதிய சுவர் இன்னும் எழும்பவில்லை என்ற நிலையில் ஒரு வீடு எப்படி நிற்குமோ, அப்படித்தான் அந்த எலும்பும் சில வாரங்கள் நிற்கிறது. நீண்ட ஓய்வுக்குப் பின் மறுபடியும் வேகமாக ஓடத் தொடங்கும் குதிரைக்கு இந்தச் சமயம் விசேஷ அபாயமானது. கலிபோர்னியாவில் 1990 முதல் பந்தய மைதானங்களில் இறக்கும் குதிரைகள் அனைத்தையும் பிரேதப் பரிசோதனை செய்துவருகிறார்கள். உயிரைக் குடித்த முறிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் ஓரங்களில், முன்பே ஏற்பட்டிருந்த பழைய காயத்தின் அடையாளங்களை அங்கே கண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த ஆரம்பப் பிளவுகள் எக்ஸ்ரேயில் முதல் பத்துப் பதினைந்து நாள்வரை கண்ணுக்கே தென்படாமல் போகலாம். ‘படம் சுத்தமாக இருக்கிறது’ என்ற வார்த்தையைக் கேட்டு நிம்மதி அடைந்து குதிரையை ஓட்டிவிடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தக் குறையை நிவர்த்தி செய்ய வேறு வழிகள் பிறந்தன. டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளை எலும்பில் சென்று ஒட்டும் ஒரு சேர்மத்தோடு கலந்து இரத்தக்குழாயில் செலுத்தினால், எங்கே எலும்பு மும்முரமாகப் புதுப்பிக்கப்படுகிறதோ அங்கே அது அதிகமாகச் சேர்ந்து, காமா கேமராவின் படத்தில் கரும்புள்ளியாகத் தெரிகிறது. ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகக் குறைந்துவிடும். எனினும் சிறுநீரிலும் கதிரியக்கம் வெளியாவதால் குதிரையைத் தனி லாயத்தில் பிரித்து வைத்துத்தான் ஆக வேண்டும். மனித மருத்துவமனைகளுக்கு இத்தகைய கதிர்மருந்துகளை வழங்கும் அணுசக்தித் துறையின் பிரிவு, புனேயிலிருந்து சில மணி நேரப் பயண தூரத்தில், நவி மும்பை வாஷியிலேயே இருக்கிறது என்பதைக் குதிரை உரிமையாளர்கள் நினைவில் வைப்பது நல்லது. நின்றபடியே குதிரையின் பாதத்தை எம்.ஆர்.ஐ. எடுக்கும் கருவி 2002 முதல் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. எக்ஸ்ரேயில் எவ்விதக் குறையும் தெரியாத குளம்புக்குள் தசைநாண் கிழிந்திருப்பதை அது காட்டிக்கொடுத்தது.

தசைநாணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பந்தயக் குதிரைகளின் ஆயுளைக் குலைக்கும் காயங்களில் முதன்மையானது காலின் பின்புறம் ஓடும் நீண்ட தசைநாணின் கிழிசல். வெளியே சற்று வீங்கும், தொட்டால் சூடு தெரியும், சில நாள் நொண்டும். ஐஸ் கட்டும் மருந்துப் பட்டியும் போட்ட சில வாரங்களில் வீக்கமும் நொண்டலும் இரண்டும் மறைந்துவிடும். உரிமையாளர் மகிழ்கிறார், பயிற்சியாளருக்கோ அடுத்த பந்தயத்தின் தேதி கண்முன் நிற்கிறது. அந்தச் சமயத்தில் காலின் மயிரைச் சிரைத்து, களிம்பு தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்திப் பார்த்தால், வெண்மையான நார்கள் நெருங்கி நிறைந்திருக்க வேண்டிய இடத்தின் நட்டநடுவில் ஒரு கரிய ஓட்டை தெரியும். அந்த ஓட்டையில் புதிய நார்கள் நிரம்பி, அவை ஒரே திசையில் வரிசைப்படுவதற்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. வாய் பேசாத ஜீவனின் சார்பில் சாட்சி சொல்லும் அந்தக் கரிய ஓட்டையைப் பார்க்காமல், நொண்டல் நின்றதையே குணமென்று கொண்டு, எத்தனையோ நல்ல குதிரைகளின் காலத்தை மனிதர்கள் முடித்திருக்கிறார்கள்.

பண்ணைகளிலோ இதே கருவி வேறு பணி செய்கிறது. பெண் குதிரை இரட்டைக் கருவுற்றால் பெரும்பாலும் இரண்டுமே சிதைந்துவிடும். பதினான்கு, பதினாறு நாளிலேயே ஸ்கேனில் இரண்டு கருக்களைக் கண்டு ஒன்றை நீக்கிவிட்டால் மற்றொன்று பிழைக்கிறது. மூச்சுத் திணறும் குட்டியின் நுரையீரலில் சீழ்க்கட்டி இருப்பதையும் அது காட்டும்.

இவற்றை எல்லாம் உலகம் துயரத்தின் மூலமாகவே கற்றது. கலிபோர்னியாவின் சாண்டா அனிதா மைதானத்தில் 2019 ஜூனில் முடிந்த ஒரே பருவத்தில் 30 குதிரைகள் இறந்தன. அந்த ஆண்டு இறுதியிலேயே நின்ற நிலையில் பெட் ஸ்கேன் எடுக்கும் கருவி அங்கே நிறுவப்பட்டது. மெல்போர்ன் கோப்பையில் 2020இல் ஆந்தனி வான் டைக் என்ற குதிரை இறந்த பின்பு, வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளுக்குப் பந்தயத்துக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுப்பது கட்டாயமாக்கப்பட்டது.

புனேக்கு அப்படிப்பட்ட துயரம் வந்துதான் புத்தி வர வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் பிறக்கும் ஒவ்வொரு பந்தயக் குதிரைக் குட்டியின் தாய் தந்தை வம்சத்தையும் பதிவு செய்யும் வம்சாவளி ஆணையம் இந்த நகரத்துப் பந்தய மைதானத்திலிருந்தே செயல்படுகிறது. இன்ன தகப்பனுக்கும் இன்ன தாய்க்கும் பிறந்தது என்று தலைமுறை தலைமுறையாகப் பிழையின்றி எழுதி வைக்கத் தெரிந்த நமக்கு, அதே குதிரையின் நான்கு கால் படங்களையும் ஆண்டுதோறும் அதன் பெயரில் சேர்த்து வைப்பது அசாத்தியமான காரியமா? ஒரு படத்தைத் தனியாகப் பார்த்துச் சொல்வதைவிட, சென்ற ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதே உண்மைக்கு அருகில் செல்லும் என்பதை எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்வார்.

குதிரையின் வாழ்க்கை பந்தயத்தோடு தீர்ந்துவிடுவதும் இல்லை. ஓடி ஓய்ந்தவை சவாரிப் பள்ளிகளுக்கும், கல்யாண ஊர்வலங்களுக்கும், மலைவாசஸ்தலங்களில் பிரயாணிகளைச் சுமக்கும் வேலைக்கும் கைமாறிப் போகின்றன. பழைய காயத்தைப் பற்றிய ஒரு வரிகூட அவற்றோடு செல்லாததால், ஆறாத தசைநாணின் மீது புதிய எஜமானர் அறியாமலே பாரத்தை ஏற்றுகிறார். ஆகையால் உரிமையாளர்களுக்கும் டர்ப் கிளப்பாருக்கும் என் விண்ணப்பம் இதுதான்: மைதானத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு குதிரையோடும் அதன் படங்களையும் அனுப்பி வையுங்கள். வாங்குகிறவர்களும் விலை பேசுவதற்கு முன் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி, ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.