கொள்கையைச் சட்டம் பங்கிட்ட நாடு

ஒரு கட்சி எந்தக் கொள்கையை நம்ப வேண்டும் என்று அரசியல் சட்டமே எழுதிவைத்த நாடு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல். விடுதலைக்குப் பின் பல ஆண்டுகள் அங்கே நடைமுறையில் ஒரு கட்சி ஆட்சிதான். 1976-ல் அதிபர் லெயோபோல்ட் செதார் செங்கோர் சட்டத்தைத் திருத்தி, மூன்று கட்சிகளுக்கு மட்டும் அனுமதி தந்தார். ஜனநாயக சோஷலிசத்தைத் தம் கட்சிக்கு வைத்துக்கொண்டார். தாராளவாதம் அப்துலாய் வாடின் கட்சிக்குப் போனது. மார்க்சிய லெனினியம், 1960-ல் தடைசெய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க விடுதலைக் கட்சிக்கு. இடம் நிரம்பிவிட்டது.

அந்தச் சட்டத்துக்குள் அடங்காமல் நின்றது, அதே ஆண்டு பிப்ரவரியில் பிறந்த தேசிய ஜனநாயக அணி என்ற சிறிய இடதுசாரிக் கட்சி. அதைத் தொடங்கிய ஷேக் அந்தா தியோப் ஓர் அறிவியலாளர். 1960-களில் அவர் தொடங்கிய இரண்டு கட்சிகளும் நிலைக்கவில்லை. 1962-ல் சிறைக்கும் போய்வந்தார்.

பகலில் அவர் செய்த வேலை வியப்பானது. தலைநகர் டக்காரில் கார்பன்-14 ஆய்வுக்கூடத்தை அமைத்து நடத்தினார். உயிரோடு இருக்கும் மரமும் விலங்கும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கதிரியக்கக் கார்பனைத் தொடர்ந்து பெறுகின்றன. உயிர் பிரிந்ததும் வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது மெல்லச் சிதையும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். பழைய அடுப்புக் கரியில் எவ்வளவு மிச்சம் என்று அளந்தால், அந்த மரம் எப்போது மாண்டது என்பது தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கதிர்வீச்சு மிக மெலிது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் அதை மூழ்கடித்துவிடும். ஆகவே அளக்கும் கருவிக்குக் கனத்த கவசம் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

எழுத்து ஆவணம் இல்லாத மண்ணுக்கு வரலாறே கிடையாது என்று காலனி ஆட்சி சொல்லிவந்தது. அந்த மண்ணின் கரித்துண்டே தேதி சொல்லும்போது அந்தப் பேச்சு நிற்காது. தியோப்பின் அறிவியலும் அரசியலும் சந்தித்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பண்டைய எகிப்து கறுப்பின நாகரிகமே என்ற அவரது கருத்தை ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. ஆனால் 1974-ல் யுனெஸ்கோ கூட்டிய கெய்ரோ கருத்தரங்கில், அவர்கள் முன்னிலையிலேயே அவர் வாதிட்டார்.

கட்சியின் உயிர் மொழியில் இருந்தது. நாட்டின் பெரும்பான்மையோர் பேசியது வோலோஃப். ஆட்சி நடந்தது பிரெஞ்சில். மக்களுக்குப் புரியாத மொழியில் ஆளும் அரசை மக்கள் அரசு என்று சொல்ல முடியாது என்பது தியோப்பின் நிலை. ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கை பற்றிய விளக்கத்தையே அவர் வோலோஃபில் பெயர்த்துக் காட்டியவர். கட்சி இதழுக்கு ‘சிக்கி’ என்று பெயர் வைத்தார்கள். தலைநிமிர்வு என்று பொருள். அந்தப் பெயரில் மெய்யெழுத்து இரட்டிக்கக் கூடாது என்று தடுத்தவர், இலக்கணத்திலும் கவிதையிலும் தேர்ந்த செங்கோர். 1977-ல் எழுத்து முறைக்கே சட்டம் வந்தது. இதழ் ‘தகாவ்’ என்று பெயர் மாற வேண்டியதாயிற்று. இயக்குநர் செம்பேன் உஸ்மானின் ‘செத்தோ’ திரைப்படமும் இதே இரட்டை மெய்ப் பிரச்சினையில் முடங்கியது. திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு தேடும் ஆய்வை டக்காரில் வளர்த்தவரும் இதே செங்கோர்தான், நம் தமிழறிஞர் க. ப. அறவாணன் அங்கே பணியாற்றியது அந்த முயற்சியால். தொலைவிலுள்ள மொழிகளிடம் அவ்வளவு அன்பு காட்டியவர், தம் நாட்டு மக்களின் மொழியில் வந்த எதிர்க்கட்சி இதழை எழுத்துப்பிழை சொல்லி நெருக்கியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

1979-ல் அங்கீகாரமில்லாத கட்சியை நடத்தியதாகத் தியோப் மீது வழக்கு வந்தது. செங்கோர் பதவி விலகியபின், 1981-ல் புதிய அதிபர் அப்து தியூஃப் எல்லாக் கட்சிகளுக்கும் கதவைத் திறந்தார். அணி சட்டபூர்வமானது. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தவும் தியோப்புக்கு அந்த ஆண்டுதான் வாய்ப்புக் கிடைத்தது.

1983 தேர்தலில் கட்சி வென்றது ஒரே ஓர் இடம். தேர்தலில் முறைகேடு நடந்ததாகச் சொல்லி, தியோப் அவையில் அமர மறுத்துவிட்டார். பட்டியலில் அடுத்திருந்த பாபக்கர் நியாங் அந்த இடத்தை ஏற்றார், கட்சி உடைந்தது. நியாங்கின் பக்கமும் நியாயம் இருக்கலாம், ஒற்றைக் குரலும் குரல்தானே. ஆனால் பொய்யான எண்ணிக்கைக்குச் சான்றாக உட்கார மாட்டேன் என்று சொல்ல, அளவையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதருக்கு முழு உரிமை இருந்தது.

1986 பிப்ரவரி 7 அன்று தியோப் மறைந்தார். அவரைப் பல ஆண்டுகள் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியிருந்த டக்கார் பல்கலைக்கழகம், 1987 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது.