உதடும் ஓசையும்

ஊர்க் கலியாணத்தின் வீடியோப் படம் கனடாவிலுள்ள பேரனுக்குப் போய்ச் சேருகின்றது. மணவறையருகே அம்மம்மா ஒலிவாங்கியைப் பிடித்து, நடுங்கும் குரலிலே வாழ்த்துரைக்கின்றார். ஆயின் உதடு முந்த, வார்த்தை பிந்துகின்றது. வளர்த்தவளின் குரலே அயலாள் குரலாகிவிடுகின்றது.

இன்று ஒரு கலியாணத்தை மூன்று நான்கு கமராக்கள் பிடிக்கின்றன. ஒலிவாங்கியின் பதிவோ வேறு. ஒவ்வொன்றும் தான் தொடங்கிய கணத்திலிருந்து தன் கணக்கிலே ஓடுகின்றது. இவற்றைக் கணினியிலே பொருத்துபவருக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கணம் வேண்டும். சினிமாக்காரர் அதற்கென்றே பலகையைத் தட்டுவர். நமக்குத் தேங்காய் உடைபடும் கணமே போதும்: கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். இடையிலே பதிவை நிறுத்தியிருந்தால், பேச்சுக்குமுன் ஒருவர் எல்லாக் கமராக்களும் காண ஒருமுறை கைதட்டுதல் நன்று.

ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தமது கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் பொருத்தி 1944இல் வெளியிட்டார். அங்கே பிறமொழி அசைத்த உதட்டுக்குத் தமிழ் வார்த்தை தேடவேண்டியிருந்தது. நமது வேலை, சொந்த உதட்டுக்குச் சொந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுப்பதே.

தூரமும் ஒரு வில்லங்கம். ஓசை செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். செக்கனுக்கு 25 தனிப்படங்கள் ஓடுமாயின், ஒரு தனிப்படம் கழிவதற்குள் ஓசை 14 மீற்றரைக்கூடத் தாண்டாது. ஆகவே மண்டபக் கோடியிலே, 28 மீற்றர் தள்ளி நின்ற கமராவை ஒலியைக் கொண்டு பொருத்தினால், அதன் படம் இரண்டு தனிப்படம் முந்திவிடும். அவ்வளவு பின்னுக்குத் தள்ளவேண்டும். ஓசை சிறிது பிந்தினால் மனிதர் பொறுப்பர், முந்தினாற் பொறார். தூரத்தே விறகு பிளப்பவனின் கோடரி விழுந்தபின் ஓசை வருவதைக் கண்டு பழகிய கண்களல்லவா!

நீண்ட பதிவிலே கருவிகளின் கடிகாரங்கள் மெல்ல மெல்ல விலகுவதுமுண்டு. தொடக்கத்தைப் பொருத்தியவர் முடிவையும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஒலிவாங்கியின் பதிவையே அடித்தளமாகக் கொண்டு, படங்களை மாத்திரம் மாற்றுவதே என் மனத்துக்குச் சரியெனப் படுகின்றது. அம்மம்மா பேச்சு முட்டி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்த இடத்தை வீணென்று வெட்டியெறிவோரும் உளர். அங்கே மணமகளின் முகத்தைக் காட்டலாம். அந்த மௌனத்திலே மட்டும் கத்தரி வைக்கலாகாது.