உங்களுக்குத் தெரியுமா? நுரையீரலுக்குள் போன பால்

அந்தமான் செல்லுலார் சிறையில் 1933 மே மாதம் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: வாயில் வைக்கக்கூடிய சாப்பாடு, அறையில் விளக்கு, படிக்கப் புத்தகம், குளிக்க சோப்பு.

நிர்வாகம் கட்டாய உணவூட்டலில் இறங்கியது. கைதியை நாலைந்து பேர் அசையவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மூக்கு வழியாக ரப்பர் குழாயைச் செருகிப் பாலை ஊற்றுவார்கள். குழாய் உள்ளே போகும்போது விழுங்கிக் கொடுத்தால்தான் அது எளிதாக இரைப்பைக்கு இறங்கும். திமிறுகிறவருக்கு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அப்புறம் ஊற்றுகிற பால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். மூச்சுத் திணறும், நிமோனியா காணும்.

பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங் மே 17 அன்று இப்படித்தான் இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் சக கைதிகள் மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா இருவரும் இறந்துபோனார்கள். மகாவீர் சிங்கின் உடலைக்கூட உறவினரிடம் தரவில்லை. கல்லைக் கட்டிக் கடலில் வீசினார்கள்.

தெரியாமல் நேர்ந்த விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. நான்கே ஆண்டுகளுக்கு முன்பு லாகூர் சிறையில் அரசியல் கைதி ஜதீந்திரநாத் தாஸுக்கும் இதே முறையில் உணவூட்ட முயன்று நுரையீரலைக் கெடுத்திருந்தார்கள். 63 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் 1929 செப்டம்பர் 13 அன்று அவர் இறந்தார். அது நடந்த பிறகும் மருத்துவர்கள் அந்தமானில் குழாயைக் கையில் எடுத்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

அந்தமான் உண்ணாவிரதம் 46 நாள் நீடித்தது. அதன் பிறகே விளக்கும் புத்தகமும் சோப்பும் கைதிகளுக்குக் கிடைத்தன.