சாளர விளக்கும் மலைத் தீபமும்

கார்த்திகைத் திருநாளன்று அந்தி வேளையில் ஆரணியின் நெசவாளர் தெருக்களில் நடந்து செல்வோர், வாயிற்படியிலும் திண்ணையிலும் மாடப்பிறையிலும் அகல் விளக்குகள் வரிசையாக ஒளிர்வதைக் காணலாம். அவற்றை ஏற்றும்படி எவரும் ஆணையிடவில்லை. ஏற்றாத வீட்டைத் தண்டிப்பாரும் இல்லை. இது மிகச் சாதாரணமான செய்தியன்றோ என்று மாணவர்கள் கேட்கலாம். ஐரோப்பிய நகரங்களின் வரலாற்றைப் பார்த்தால், அவ்வளவு சாதாரணமானதன்று என்பது புலனாகும்.

அங்கே போர் வெற்றி, முடிசூட்டு விழா, அரசகுமாரன் பிறப்பு ஆகியவற்றை ஒளியால் கொண்டாடுவது நெடுநாள் வழக்கம். அரசாங்கம் தன் செலவில் வாணவேடிக்கை நிகழ்த்தும். குடிமக்கள் தம் வீட்டுச் சாளரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுவர். 1749ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் லண்டன் கிரீன் பார்க்கில், சமாதான உடன்படிக்கை ஒன்றைக் கொண்டாடப் பெரியதொரு மர மண்டபம் எழுப்பினார்கள். அதற்கென்றே ஹாண்டல் என்னும் இசைமேதை இசை அமைத்தார். அன்று மழை, வாணங்கள் பல சரியாக எரியவில்லை. எரிய வேண்டாத மண்டபத்தின் ஒரு பகுதியோ தீப்பற்றி எரிந்தது!

இது நகைப்புக்குரியது. சாளர விளக்கின் கதை அப்படிப்பட்டதன்று. ஊரெல்லாம் ஒளிரும் இரவில் ஒரு வீடு இருண்டிருந்தால், அவ்வீட்டார் பொதுமக்களின் மகிழ்ச்சிக்குப் பகைவர் என்று கூட்டம் முடிவு செய்துவிடும், கற்கள் பறக்கும். 1831ஆம் ஆண்டு, அதே ஏப்ரல் 27ஆம் நாள், தேர்தல் சீர்திருத்தத்தை ஆதரித்தோர் லண்டன் நகரை விளக்கொளியில் மூழ்கடித்தனர். சீர்திருத்தத்தை எதிர்த்த வெலிங்டன் பிரபுவின் மாளிகை இருண்டு கிடந்தது. கூட்டத்தார் அதன் சாளரக் கண்ணாடிகளை நொறுக்கினர். மூன்று நாட்களுக்கு முன் இறந்த அவர் மனைவியின் உடல் அப்போது அம்மாளிகைக்குள்ளேயே இருந்தது. கட்டாயம் புகுந்த இடத்தில் விளக்கும் ஆயுதமாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்று பிரான்சு நாட்டின் பட்டு நகரமாகிய லியோனில் நடந்தது. ஆரணிக்கு அந்நகரம் முற்றிலும் அந்நியமன்று. சேலையின் கரையிலும் முந்தியிலும் கொடியும் அன்னமும் எழ உதவும் ஜக்கார்டு பெட்டி, லியோனில் பிறந்த ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பொறியின் வழிவந்ததே. அந்நகரின் குன்றின்மேல் அன்னை மரியாளின் சிலையை 1852ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்க எண்ணியிருந்தார்கள். சோன் ஆற்றின் வெள்ளம் சிற்பியின் பட்டறைக்குள் புகுந்ததால், விழா டிசம்பர் 8ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. அன்றும் புயல்மழை வந்தது. விழாவை ஒத்திவைக்கலாமா என்று பொறுப்பாளர்கள் தயங்கினர். மாலையில் வானம் தெளிந்தது. அவர்கள் முடிவுக்குக் காத்திராமல் மக்கள் தாமாகவே சாளரந்தோறும் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் விளக்கேற்றும் வழக்கம் அவ்விரவில் தோன்றியதே. பிற்காலத்தில் நகராட்சியின் மின்னொளிக் காட்சிகள் அதனுடன் சேர்ந்துகொண்டன.

நமக்கும் ஒரு குன்று உண்டு. ஆரணியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், 2,668 அடி உயரமுள்ள திருவண்ணாமலையின் உச்சிக்குச் செம்புக் கொப்பரையைச் சுமந்து செல்கின்றனர். நெய்யில் தோய்ந்த காடாத் துணியே திரி. அத்துணி ஆயிரம் மீட்டர் அளவில் வேண்டியிருக்கிறது. மாலை ஆறு மணியளவில் கோயிலில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே காட்சி தருவார். அக்கணத்தில் மலைமேல் தீபம் எழும். மலை கண்ணுக்குத் தெரியும் ஊர்களில், அச்சுடரைக் கண்ட பின்னரே வீட்டு விளக்கை ஏற்றுவர். தீபம் பதினொரு நாட்கள் எரியும்.

2015ஆம் ஆண்டு நவம்பரில் பாரிசில் நடந்த படுகொலைகளை அடுத்து, லியோன் நகராட்சி தன் ஒளிக் காட்சிகளை நிறுத்திவிட்டது. டிசம்பர் 8ஆம் நாள் வந்தது. மாண்டவர் நினைவாக மக்கள் சாளர மெழுகுவர்த்திகளை மட்டும் ஏற்றினர். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் பெருமழையால் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. அம்மாதம் 13ஆம் நாள் கார்த்திகைத் தீபம். பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுசெல்ல வேண்டியவர்கள் மட்டும் ஈரமான மலையில் ஏறினார்கள். குறித்த வேளையில் தீபம் தெரிந்தது. கீழே வீடுகளில் அகல்களை ஏற்றினார்கள்.